கழுத்தில் ரேடியோ காலர் இருக்கிறதா, பார்!

2023 மே 27, சனிக்கிழமை காலை. தேனி மாவட்டத்தின் கம்பம் நகரத் தெருக்களுக்குள் ஒரு காட்டு யானை புகுந்துவிட்டது. கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்துப் பேர்வாங்கிய அரிக்கொம்பன் அது. ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் கொண்டுபோய் விட்டது. யானை அங்கே தங்கவில்லை. மேகமலைப் பக்கம் வந்து சுற்றியது. நான்கு வாரத்தில் கம்பத்தில் வந்து நின்றது. ஓர் ஆட்டோ சேதமானது. காயம்பட்டவர்களில் ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். ஊரில் 144 தடை உத்தரவு போட்டார்கள். கடைசியில் ஜூன் 5 அதிகாலையில் தமிழக வனத்துறை மறுபடி மயக்க ஊசி செலுத்தி, கும்கிகளின் துணையோடு லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது.

அந்தப் பத்து நாளும் யானையின் நடமாட்டம் இரண்டு விதமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. ஒன்று, கழுத்திலிருந்த காலர். அதற்குள் இருக்கும் ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடிக்கிறது. ஒவ்வொரு சிக்னலும் வந்துசேர எவ்வளவு நேரமானது என்று பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் குறிக்க மூன்று செயற்கைக்கோள் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நான்காவது ஒன்று கட்டாயம் வேண்டும். காலருக்குள் இருக்கும் கடிகாரம் சாதாரணமானது, பிழை உள்ளது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தத்தான் நான்காவது சாட்சி. இரண்டாவது பதிவு, மக்கள் கையிலிருந்த செல்போன்கள். மாடியிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் வாழைத்தோப்பு வரப்பிலிருந்தும் எடுத்த வீடியோக்கள் நிமிடத்துக்கு நிமிடம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. தோப்பில் ஒதுங்கி நின்ற யானையை ட்ரோன் விட்டுப் படமெடுத்து மிரளச் செய்ததாக ஒரு யூடியூபர் மீது நடவடிக்கையே எடுக்க வேண்டியதாயிற்று. நடப்பதைக் காட்டுவதற்கென்று வந்த கேமரா, நடப்பதையே மாற்றிவிட்டது.

பள்ளிகளுக்கு அப்போது கோடை விடுமுறை. இணைய ஊடகம் என்றால் என்ன, அதை எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வாய்க்கப்போவதில்லை. வகுப்பறைதான் பூட்டியிருந்தது.

இப்போது அந்தப் பாடத்தை நடத்திப் பார்ப்போம். உத்தமபாளையத்திலோ கூடலூரிலோ ஓர் எட்டாம் வகுப்பு. 'கம்பத்தில் அரிக்கொம்பன், மே 27 பகல் 12 மணி' என்ற குறிப்போடு வந்த முப்பது விநாடி வீடியோ ஒன்று. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு வேலை கொடுக்கலாம். முதல் குழு யானையை மட்டும் பார்க்கட்டும். கழுத்தில் காலர் இருக்கிறதா? இல்லையென்றால் விஷயம் முடிந்தது: அது ஏப்ரல் 29-க்கு முன் எடுத்த பழைய காட்சி, அல்லது வேறு யானை. சரி, காலர் இருக்கிறது. அதனால் அது அரிக்கொம்பன் என்று ஆகிவிடுமா? ஆகாது. காலர் மாட்டிய யானைகள் வேறும் உண்டு. இல்லாமை பொய் என்று காட்டிவிடும். இருப்பது உண்மை என்று நிரூபிக்காது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் அந்த வகுப்பு வீண்போகவில்லை.

இரண்டாம் குழு இடத்தைப் பார்க்கட்டும். கடைப் பலகையில் என்ன ஊர் எழுதியிருக்கிறது? நிற்கிற வண்டிகளின் எண் TN 60 என்று தொடங்குகிறதா? அதுதான் தேனி மாவட்டப் பதிவு. பின்னால் தெரியும் மலை எந்தப் பக்கம்? கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த பிள்ளைக்குக் கிழக்கே மேகமலை, மேற்கே குமுளி, ஏலமலை என்பது யாரும் சொல்லித்தராமலே தெரியும். வெளியூர்க்காரருக்குக் கிடைக்காத சாட்சி இது.

மூன்றாம் குழுவுக்கு நிழல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கம்பம் ஏறக்குறைய 9.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மே கடைசியில் சூரியன் 21 பாகை வடக்கே போய்விடுகிறது. ஆகவே அந்த நாட்களில் கம்பத்தில் உச்சி வெயில் வடக்கே சாய்ந்து அடிக்கும், நிழல் தெற்கே விழும். ஒரு மீட்டர் குச்சிக்கு இருபது சென்டிமீட்டர்தான் நிழல். அதே குச்சிக்கு டிசம்பர் கடைசியில் நடுப்பகல் நிழல் வடக்கே, 65 சென்டிமீட்டர் நீளத்துக்கு விழும். இடையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நிழலே இல்லாத நண்பகல் வந்துபோகும். இப்போது வீடியோவைப் பாருங்கள். மின்கம்பத்தின் நிழல் வடக்கே நீண்டு கிடந்தால், மேலே எழுதியிருக்கும் நாளோ நேரமோ பொய். பூமியின் அச்சுச் சாய்வு சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்கிறது. பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்து, வருடம் முழுக்க அளந்துவந்தால் இதை எந்த வகுப்பும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

நான்காம் குழு வீடியோவை விட்டு வெளியே போகட்டும். முதலில் போட்டவர் யார், வனத்துறை என்ன சொன்னது, அந்தத் தெருவில் குடியிருக்கும் அத்தையோ மாமாவோ என்ன பார்த்தார்கள் என்று விசாரிக்கட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்று அறிஞர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே இணையதளங்களின் முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் கவனமாகப் படித்து, அழகான லோகோவையும் மிடுக்கான நடையையும் நம்பி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில விநாடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். ஒரு பக்கத்தைப் பற்றி அந்தப் பக்கத்திடமே கேட்டுப் பயனில்லை.

இதையெல்லாம் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை தனியாகவே செய்துவிட முடியாதா, குழு எதற்கு என்று கேட்கலாம். அதற்கு 1966-இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் அமைத்த புதிர் ஒன்று பதில் சொல்கிறது. நமக்குத் தோதாக அதைத் தமிழெழுத்தில் போட்டுப் பார்ப்போம். மேசைமேல் நான்கு அட்டைகள்: அ, க், 4, 7. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்' என்பது விதி. இந்த விதி உண்மையா என்று சோதிக்க எந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்?

மேலே படிக்குமுன் ஒரு விடையை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பெரும்பாலோர் அ-வையும் 4-ஐயும் சொல்வார்கள். அ சரி. 4-ஐத் திருப்பி ஒன்றும் ஆகப்போவதில்லை. பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது, ஏனென்றால் மெய்யெழுத்தின் பின்னால் இரட்டைப்படை எண் வரக்கூடாது என்று விதி சொல்லவே இல்லை. திருப்ப வேண்டியது 7. அதன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி நொறுங்கிவிடும். விதிக்குச் சாதகமான அட்டையை நோக்கி மனம் ஓடுகிறது. விதியை உடைக்கக்கூடிய அட்டையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஃபார்வர்டு வந்ததும் நாம் செய்வது இதையேதான். 'ஆமாம், எங்கள் குரூப்பிலும் வந்தது' என்று 4-ஐத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். காலர் இல்லாத கழுத்தும் வடக்கே விழும் நிழலும்தான் 7-ஆம் எண் அட்டை.

1998-இல் டேவிட் மோஷ்மன், மாலி கைல் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதே புதிரைக் கொடுத்தார்கள். தனித்தனியாகச் செய்தவர்களில் சரியாகச் சொன்னவர்கள் 9 சதவீதம். ஐந்தாறு பேராக உட்கார்ந்து பேசிச் செய்த குழுக்களில் சரியான விடைக்கு வந்தவை 75 சதவீதம். குழுவில் ஒரு புத்திசாலி இருந்திருப்பார், மற்றவர்கள் அவர் சொன்னதற்குத் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைத்தால், அதுவும் இல்லை. தொடக்கத்தில் ஒருவருக்குமே விடை தெரியாத சில குழுக்கள்கூடப் பேச்சின் வழியாகச் சரியான விடையை எட்டின. ஒருவர் '4' என்பார், இன்னொருவர் 'ஏன்?' என்பார், காரணம் சொல்லப்போகையில் காரணம் இல்லை என்பது சொன்னவருக்கே தெரிந்துவிடும். யூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய், காரணகாரியம் பேசும் திறனே மனிதரிடம் பிறரோடு வாதிடுவதற்காக வளர்ந்தது என்கிறார்கள். தன் கருத்தின் ஓட்டை தனக்குத் தெரியாது. அடுத்தவர் கருத்தின் ஓட்டை பளிச்சென்று தெரியும். உட்கார்ந்து பேச ஆளிருந்தால் இந்தக் குறையே பலமாகிறது.

ஆனால் நாலு பேரைச் சேர்த்து உட்காரவைத்துவிட்டால் குழு ஆகிவிடாது. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் நூறு வருடத்துக்கு முன்பே ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் பாதிதான் வந்தது. கால் பிசகுவதும் ஒரே நேரத்தில் இழுக்காததும் ஒரு காரணம். 1974-இல் வேறொரு குழுவினர் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் ஒரே ஆளை இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது. பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிடுகிறது. பள்ளியில் 'குரூப் ப்ராஜெக்ட்' என்ற பேரில் ஒரு பெண் விடிய விடியச் சார்ட் எழுத, ஐந்து பேர் பெயர் போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அது அந்தப் பிள்ளைகளின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. வேலையைப் பிரித்த விதத்தில் உள்ள கோளாறு அது.

இதற்கு 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் ஒரு வழி கண்டார். அதுவரை வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிவந்தோர் என்று தனித்தனியே படித்த பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம், சண்டையும் புகைச்சலும். ஆரன்சன் ஒரு பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றத் துண்டுகள் வேண்டுமானால் அடுத்த பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். திக்கித் திணறிப் பேசும் பையனிடமும் மற்ற யாரிடமும் இல்லாத ஒரு துண்டு இருக்கிறது. அவனைக் கேலி செய்தால் தேர்வில் தங்களுக்குத்தான் நஷ்டம். மேலே சொன்ன யானை வகுப்பை இப்படித்தான் நடத்த வேண்டும். காலர், இடம், நிழல், மூலம் ஆகிய நான்கில் ஒன்றைப் பார்த்த ஒவ்வொருவரும் பிறகு கலைந்து, நான்கு துண்டும் கலந்த புதுக் குழுவில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் முடிவு இல்லை. அரிசிக்கு ஆசைப்பட்ட யானையைப் பற்றிப் பேச எந்தப் பிள்ளையும் கூச்சப்படப்போவதில்லை.

தமிழகத்துக்கு இது அந்நியமான முறையும் அல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலில், பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, சக மாணவர் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று தனித்தனி இடம் இருந்தது. அந்தச் செயல்வழிக் கற்றலின் அட்டைகளைப் பிடித்து வளர்ந்த தலைமுறைதான் இன்று கையில் ஸ்மார்ட்போனோடு நிற்கிறது.

வதந்தி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசி, 2018-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பொய்ச் செய்தி பகிரப்படும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கி நிரல்களைக் கணக்கிலிருந்து கழித்த பிறகும் இதே நிலைதான், ஓடவிட்டது மனிதர்களே. புதுமையும் திடுக்கிடலும் அதற்கு எரிபொருள். ஆனால் கற்றுக்கொடுத்தால் மாறுமா? மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பிகாரில் 583 கிராமங்களில் 13,500-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், சில வாரங்கள் நேரடி வகுப்பாக ஊடக அறிவு கற்ற பிள்ளைகள் மெய்யையும் பொய்யையும் மற்றவர்களைவிட நன்றாகப் பிரித்தறிந்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் திறன் அவர்களிடம் இருந்தது. வீட்டில் பெற்றோரிடமும் அதன் சாயல் தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கண்ணூரின் அரசுப் பள்ளிகளில் 2018-இலேயே இதை வகுப்பாக நடத்தினார்கள். தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் வதந்திகள்தான் அவர்களை அதற்குத் தள்ளின.

தேனி மாவட்டத்தில் இதைவிடக் கடினமான பாடம் ஒன்றும் இருக்கிறது: பொட்டிப்புரம். தேவாரம் பக்கத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. எதிர்ப்பு எழுந்தது, தமிழக அரசும் 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. இந்த இடைப்பட்ட வருடங்களில் இணையத்தில் சுற்றியவற்றை ஒரு வகுப்பு எடுத்துப் பிரித்தால் என்ன கிடைக்கும்? நியூட்ரினோ உடம்பில் பட்டால் ஆபத்து என்று ஒரு பதிவு சொன்னால், அதை உடைக்கும் 7-ஆம் எண் அட்டை நம் கைவிரலிலேயே இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒரு சதுர சென்டிமீட்டரில் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம், இரவும் பகலும், கம்பத்தில் உள்ளவர் நகத்திலும் கனடாவில் உள்ளவர் நகத்திலும் ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கின்றன. பூமியையே துளைத்துக்கொண்டு போவதால் இரவிலும் குறைவில்லை. ஆய்வகம் அவற்றை உண்டாக்கப்போவதில்லை. வளிமண்டலத்தில் பிறந்து வருவதைப் பிடிக்கத்தான் பார்க்கிறது. அந்தப் பயம் கழிந்தது. ஆனால் மலையை வெடிவைத்துக் குடைவது, அள்ளிய கல்லை எங்கே கொட்டுவது, நிலத்தடி நீர், பக்கத்தில் உள்ள மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா, பெரியாறு வரை செல்லும் புலிகளின் வழித்தடம் ஆகிய கேள்விகள் கழியவில்லை. அவை சரியான கேள்விகள், பதில் கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. ஒரே பதிவில் தவறான பயமும் நியாயமான கவலையும் பின்னிக் கிடக்கும்போது, முழுதாக நம்புவதும் முழுதாகத் தூக்கியெறிவதும் இரண்டுமே தப்பு. இழை பிரிக்கத் தெரிய வேண்டும். அதற்கு எதிரெதிர்க் கருத்துள்ள பிள்ளைகள் ஒரே குழுவில் இருப்பது நல்லது.

நியூட்ரினோக்காரர்களே இப்படிக் கூட்டாகப் பிழை தேடுவதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2011 செப்டம்பரில், ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாஸோ சுரங்கத்துக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள், ஒளியைவிட 60 நானோவிநாடி முன்னதாக வந்துவிட்டதாக ஒபேரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. ஒளி அந்த நேரத்தில் 18 மீட்டர்தான் போகும். உண்மையென்றால் ஐன்ஸ்டைன் தப்பு. உலகமே பரபரத்தது. ஆனால் அந்தக் குழு ஐன்ஸ்டைனை வீழ்த்திவிட்டோம் என்று சொல்லவில்லை. மாதக்கணக்கில் தேடியும் பிழை அகப்படவில்லை, நீங்களும் பாருங்கள் என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தது. 2012 பிப்ரவரியில் பிழை அகப்பட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் கண்ணாடியிழைக் கேபிள் ஒன்று சரியாகச் செருகப்படாமல் இருந்தது. அதே சுரங்கத்தில் இருந்த இக்காரஸ் என்ற இன்னொரு குழுவின் அளவீட்டிலும் நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை. அவமானம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது அறிவியல் தலைநிமிர்ந்த நாளாகவே தெரிகிறது.

நாம் இன்று இணையதளங்களைப் பார்க்கும் வைய விரிவு வலைக்குப் பிறந்த வீடும் அதே செர்ன்தான். பல நாட்டு ஆட்கள் இரண்டு வருடம் வந்து வேலைபார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களோடு தகவலும் போய்விடுகிறது என்ற கவலையில்தான் 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டது. சேர்ந்து வேலைசெய்ய, ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்க, திருத்த என்று உண்டான கருவி அது. அங்கே எத்தனை பேர் சேர்ந்து வேலைசெய்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: 2015-இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைச் சொன்ன ஆய்வுக் கட்டுரையில் 5,154 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்; 33 பக்கத்தில் ஆய்வு 9 பக்கம்தான், மீதியில் பெரும்பகுதி பெயர்ப் பட்டியல்.

தமிழக அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. தேனி மாவட்ட ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: வாரத்தில் ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளின் வீட்டுக்கு வந்த ஒரு ஃபார்வர்டைப் பெயர், எண் எல்லாம் நீக்கிவிட்டுத் திரையில் போடுங்கள். உண்மையா பொய்யா என்று உடனே கேட்காதீர்கள். எதைப் பார்த்தால் இது பொய் என்று ஒத்துக்கொள்வோம் என்று முதலில் கேளுங்கள்; துண்டு பிரித்துக் கொடுங்கள்; பேசவிடுங்கள். மைதானத்தில் குச்சி நடுவதற்கு எந்த மாதமும் நல்ல மாதம்தான். இந்த வாரமே தொடங்கலாம்.